மதுரைல இருந்துக்கிட்டு கயாக்ல கடல் மீன் பிடிக்க: எந்தக் கடல், எந்தக் காத்து, கயாக்ல என்ன மாட்டணும்

8 ஜூன் 2025, காலை

கயாக்னா துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு. அதப் பத்தி திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி: "அண்ணே, நம்மூர்ல கடலே கெடையாது, கயாக் வாங்கி மொட்டமாடில போட்டு வச்சா பணம் வேஸ்ட் தான? கடலுக்குப் போகணும்னா எந்த மாசம் எங்கிட்டு போறது? கயாக்ல என்னென்ன மாட்டணும்?"

வேஸ்ட் ஆகாது தம்பி. மதுரைல இருந்து ராமநாதபுரம் 115 கிலோமீட்டர் சொச்சம், பரமக்குடி வரைக்கும் நாலுவழிச்சாலை, ராத்திரி ரெண்டரைக்கு கெளம்புனா பரமக்குடில ஒரு டீயப் போட்டுட்டு அஞ்சு மணிக்கெல்லாம் தண்ணி ஓரத்துல நிக்கலாம். நமக்கு ஒரு பெரிய வசதி என்னன்னா ஒரே மாவட்டத்துல ரெண்டு கடல் கெடக்கு. பாக் ஜலசந்தி பக்கம் வடகடல், மன்னார் வளைகுடா பக்கம் தென்கடல், மண்டபம் பாம்பன் ஆளுக அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனி ஆடில தென்மேற்குக் காத்து வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் தட்டு மாதிரி கெடக்கும். ஐப்பசி கார்த்திகைல வடக்க இருந்து வாடைக்காத்து வந்துட்டா அப்படியே தலைகீழ். அதனால ஆனி ஆடிக்கு வடகடல், ஐப்பசி கார்த்திகைக்கு தென்கடல், இதான் கணக்கு. வருசம் பூரா ஏதோ ஒரு பக்கம் நமக்குக் கெடைக்கும்.

8 ஜூன், ராத்திரி

கயாக் பத்தி காலைல எழுதல. உள்ள கால நீட்டி உக்காருற மாடல் வேண்டாம், மேல உக்காருற மாடல் தான் மீன் பிடிக்க சரி. கவுந்தா உள்ள தண்ணி ரொம்பாது, மறுபடி ஏறிக்கலாம். என்னோடது பத்தரை அடி, 28 கிலோ, செகண்ட் ஹேண்ட், மஞ்சள் கலர். எம் மகளுக்கு அது "வாழப்பழம்", இப்ப வீட்ல எல்லாருமே அப்படித்தான் கூப்புடுறோம். கலர் விசயத்துல ஸ்டைல் பாக்காதீங்க, மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்க. பச்ச, நீலம் எல்லாம் தண்ணில தெரியவே தெரியாது, வல்லத்துல, அதான் நாட்டுப்படகுல, வர்றவர் கண்ணுக்கு நீங்க படணும்.

கம்பெனிக்காரன் 150 கிலோ தாங்கும்னு போட்டிருந்தா நான் 100க்கு மேல ஏத்த மாட்டேன். அந்த 100ல நாமளும் சேத்தி.

துடுப்பு 240 சென்டிமீட்டர் வச்சிருக்கேன். கயாக் அகலம் அதிகம்கிறதால குட்டத் துடுப்பு போட்டா முழங்கை ரெண்டு பக்கமும் இடிக்குது.

11 ஜூன்

ஓட்டை. எல்லாரும் தூண்டில் ஸ்டாண்டு மாட்டுறதுலயே குறியா இருக்கீங்க, மாட்டுன எடத்துல தண்ணி எறங்குதான்னு யாரும் பாக்குறதில்ல. நான் வாங்கும்போது பழைய ஓனர் பின்னாடி ரெண்டு ஸ்டாண்டு ரிவெட் அடிச்சு வச்சிருந்தாரு. மொத தடவ கடல்ல ரெண்டு மணி நேரம் போயிட்டு கரையேறி, கயாக்கோட வெத்துக் கூட்டுக்கு பின்னாடி இருக்க அடைப்பானத் தொறந்தா உள்ள அரை வாளி தண்ணி. உள்ள தண்ணி சேந்தா கயாக் மந்தமாயிரும், சரிஞ்சா அம்புட்டுத் தண்ணியும் ஒரு பக்கமா ஓடும், கவுத்துட்டுத்தான் விடும்.

கண்டுபிடிக்கிறது சுலபம். ரெண்டு வாளி தண்ணிய உள்ள ஊத்தி, அடைப்பான மூடி, ரெண்டு ஆள் தூக்கி நாலா பக்கமும் சாய்ச்சுப் பாருங்க, எங்க கசியுதோ அங்க சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. அடைக்கிறதுக்கு நான் மொதல்ல சிலிக்கான் போட்டேன், பத்து நாள்ல தோல் மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. கயாக் பாலிஎத்திலீன், அதுல சிலிக்கானும் புடிக்காது எபாக்ஸியும் புடிக்காது. இப்ப ரிவெட்ட எல்லாம் புடுங்கிட்டு, உள்ள போயி உப்பிக்கிற ரப்பர் நட்டு போட்டு, மேல சைக்கிள் ட்யூப்ப வெட்டி வாஷர் மாதிரி கொடுத்து முறுக்கியிருக்கேன். ஒரு வருசமா சொட்டு தண்ணி இல்ல. வெடிப்பா இருந்தா அதே வகை பிளாஸ்டிக் துண்ட சால்டரிங் அயர்ன்ல உருக்கித்தான் ஒட்டணும், வேற வழி கெடையாது.

உக்காருற எடத்துல தண்ணி வடியிறதுக்கு ஓட்டைகள் இருக்கும்ல, அத அடைக்காதீங்க. பேன்ட் நனையுதுன்னு நான் ரப்பர் பந்து வச்சு அடைச்சேன், ஒரு அலை உள்ள வந்து விழுந்துச்சு, வடிய வழியில்லாம குளியல் தொட்டி மாதிரி ஆயிருச்சு. நனஞ்சா நனஞ்சுட்டுப் போகுது.

15 ஜூன்

மீன்பிடித் தடைக்காலத்தப் பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. நம்ம கிழக்குக் கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அது விசைப்படகுக்கு. நாட்டுப்படகு அப்பவும் போகும். இன்னைல இருந்து விசைப்படகும் எறங்கிருச்சு. கரைல இருந்து 3 கடல் மைலுக்குள்ள அவங்க மீன் பிடிக்கக்கூடாதுன்னு 1983 சட்டம் இருக்கு, நாம கயாக்குக்கு வச்சுக்கிற எல்லை ஒரு கிலோமீட்டர்தான், அதனால பெருசா மோதிக்க மாட்டோம். வலை விசயத்துலதான் கவனமா இருக்கணும். வலை கெடக்குன்னு காட்ட மெதவ கட்டியிருக்க எடத்துல தூண்டில் இழுத்துட்டுப் போகாதீங்க. வலை அறுந்தா ஒரு குடும்பத்துக்கு அன்னைக்கு வருமானம் போச்சு.

22 ஜூன்

இன்னைக்கு பூரா கண்மாய்ல. மேலூர் பக்கம் மச்சான் ஊரு, ஊர்ல சொல்லிட்டு கயாக்க எறக்குனோம். கரைல பாதி ஊர் நின்னுச்சு.

வேலை ஒன்னே ஒன்னுதான், கவுக்கிறது, ஏறுறது. வேணும்னே கவுத்துட்டு, நிமித்திட்டு, பக்கவாட்டுல கையப் போட்டு, காலப் பின்னாடி மேல கொண்டுவந்து நீந்துற மாதிரி உதைச்சு, வயிறு கயாக் மேல வந்ததும் புரண்டு, உக்காந்து, அப்புறம் காலு. வயிறு, முதுகு, காலு. இந்த வரிசைல பன்னெண்டு தடவ ஏறுனேன், நாலு தடவ வழுக்குச்சு. தம்பிக்கு நான் மொதல்ல சொல்லியிருக்க வேண்டியது இதத்தான், கயாக் மாடல் அப்புறம். கண்மாய்ல ஏற முடியாதவர் கடல்ல ஏற மாட்டாரு.

லைப் ஜாக்கெட்டும் இங்கதான் தெரிஞ்சுச்சு. மச்சான் போட்டிருந்த மலிவு ஜாக்கெட் தண்ணில விழுந்ததும் மேல ஏறி மூக்க மறைச்சுருச்சு, மனுசன் மூச்சு வாங்க அத ரெண்டு கையாலயும் கீழ அமுக்கிப் புடிச்சுக்கிட்டு மெதக்குறாரு. அப்ப அவரு எப்புடி கயாக்ல ஏறுவாரு? வயித்துல நல்லா இறுக்குற பட்டை வேணும், முடிஞ்சா தொடைக்கு நடுவுல ஒரு பட்டை. அளவு போட்டுப் பாக்காம வாங்காதீங்க.

துடுப்புக்கு ஒரு கயிறு கட்டி கயாக்கோட மாட்டியிருந்தேன். கவுந்தப்ப அது கால்ல சுத்திக்கிச்சு. கயிறு வேணும், ஆனா முழங்கை நீளத்துக்கு மேல வேண்டாம், ஜாக்கெட்ல ஒரு மழுங்க முனை கத்தி எப்பவும் தொங்கணும்.

29 ஜூன்

கழட்டுன சாமான் கணக்கு. ரெண்டு வருசம் முன்னாடி கயாக்ல நாலு தூண்டில் ஸ்டாண்டு, மீன் காட்டுற மிசின், அதுக்கு 12 வோல்ட் பேட்டரி, கொடிக்கம்பம், பால் க்ரேட்டு, போன் ஸ்டாண்டு, ரெண்டு நங்கூரம். இன்னைக்கு க்ரேட்டு, ரெண்டு ஸ்டாண்டு, ஒரு நங்கூரம், கொடி.

மிசின் ஏன் போச்சுன்னா, வடகடல்ல நாம போற எல்லைல ஆழம் ரெண்டு மூணு மீட்டர் தான். ஈயக்குண்ட கயித்துல கட்டி, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முடிச்சு போட்டு எறக்குனா ஆழமும் தெரியும், குண்டுக்கு அடில கொஞ்சம் சோப்பு தடவி வச்சா மணலா சேறான்னும் ஒட்டிக்கிட்டு வந்து சொல்லிரும். மிசின் குத்தம் இல்ல, நம்ம கடலுக்கு அது தேவப்படல.

தூண்டில் ஸ்டாண்டு நானே செஞ்சது. பிவிசி பைப்ப சூடு காட்டி வாய விரிச்சு க்ரேட்டோட கட்டிட்டேன், கயாக்ல புதுசா ஓட்டையே போடல. 11ந்தேதி எழுதுனதப் படிச்சுட்டு ட்ரில்லு எடுத்தவங்க இத மொதல்ல செஞ்சு பாருங்க.

இன்னொன்னு, கார் மேல கட்டிட்டுப் போகும்போது பின்னாடி அடைப்பானத் தொறந்து வைங்க. நம்ம வெயில்ல உள்ள காத்து சூடாகி உப்பும். பட்டையயும் ரொம்ப முறுக்காதீங்க, சூட்டுல பிளாஸ்டிக் எளகி குழி விழுந்துரும். எனக்கு சித்திரைல மானாமதுரைக்குள்ளயே விழுந்துச்சு, வெயில்ல வச்சு உள்ள இருந்து தள்ளித்தான் எடுத்தேன்.

6 ஜூலை

அடுத்த ஞாயிறு போறேன். தேவிபட்டினத்துக்கு வடக்க. தனியா.

13 ஜூலை, ராத்திரி பதினொன்னு

கை தூக்க முடியல, ஆனாலும் இன்னைக்கே எழுதிரணும்.

ஆறேகாலுக்கு எறங்குனேன். கடல் கண்ணாடி. அலைன்னு சொல்ல ஒன்னுமே இல்ல, முழங்கால் தண்ணில கெளுத்திக் குஞ்சு ஓடுறது தெரியுது. ரொம்ப தூரம் சேறு, கயாக் வண்டி சக்கரம் பொதைஞ்சு கையாலதான் இழுத்துட்டுப் போனேன். அரை கிலோமீட்டர் போயி இறால் கோத்துப் போட்டா கிழங்கான் வரிசையா வருது, ஏழு எட்டு. அப்புறம் சின்ன ஸ்பூன, அதான் மீன் மாதிரி மினுங்குற தகட்டு இரைய, இழுத்துக்கிட்டே போனேன், ஒரு பாரை அடிச்சுச்சு பாருங்க, கயாக்கயே சுத்திருச்சு. ஒன்றரை கிலோ இருக்கும். அதக் கழட்டி, ஐஸ் பொட்டில போட்டு, தண்ணி குடிச்சு நிமிந்து பாத்தா கரைல இருந்த பனைமரம் எல்லாம் கோடு மாதிரி கெடக்கு. போன்ல பாத்தேன், 2 கிலோமீட்டர் தாண்டிருச்சு. மணி எட்டு.

முதுகுக்குப் பின்னாடி இருந்து காத்து வந்துக்கிட்டே இருந்திருக்கு, எனக்கு சுகமா இருந்துச்சு, அம்புட்டுதான் தெரிஞ்சுச்சு. திருப்புனப்பதான் மூஞ்சில அடிச்சுச்சு. கரைக்கிட்ட கண்ணாடியா இருந்த அதே கடல் இங்க குட்டி குட்டியா நொறுங்குது, ஒவ்வொன்னும் முன் மூக்குல அடிச்சு மடில வந்து விழுது. பத்து நிமிசம் மூச்சு முட்டத் தள்ளிட்டு, மறுபடி போன்ல பாக்குறேன், கரைக்கு இருக்க தூரம் கொஞ்சம் கூட குறையல. எம் மக மொகம் வந்துச்சு. மறைக்கல, பயந்துட்டேன்.

அப்புறம்தான் புத்தி வேலை செஞ்சுச்சு. தூண்டில் ரெண்டயும் படுக்க வச்சேன், கொடியக் கழட்டுனேன், காத்துக்கு மேல நிக்கிறது எல்லாத்தயும் கீழ எறக்குனேன். முதுக வளைச்சு, துடுப்பத் தாழ்வா, சின்னச் சின்ன இழுப்பு. கை ஓஞ்சப்ப நங்கூரத்தப் போட்டேன், ஆழம் மூணு மீட்டர் தான், இருபது மீட்டர் கயிறு இருந்துச்சு, கவ்விக்கிச்சு. அந்த ரெண்டு தடவை நங்கூரம் போட்டு மூச்சு வாங்குனது இல்லன்னா நான் இன்னும் கெழக்க போயிருப்பேன். 1554 கடலோரக் காவல்படை நம்பர், 1093 மரைன் போலீஸ், ரெண்டும் போன்ல இருந்துச்சு. மூணாவது தடவ நிக்க வேண்டி வந்தா அடிச்சிரணும்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழிச்சு வலை எடுத்துட்டு வந்த ஒரு வல்லம் பக்கத்துல வந்துச்சு. அதுல இருந்த பெரியவர் ஒன்னும் கேக்காம கயித்த வீசுனாரு. கடைசி 600 மீட்டர் அவர்தான் இழுத்து விட்டாரு. கரைல எறங்குனதும் சொன்னாரு, "தம்பி, ஆனி ஆடில இந்தக் கடல் அலை இல்லாமத்தான் கெடக்கும். கச்சான், இந்தத் தென்மேற்குக் காத்து, கரைல இருந்துல்ல வீசுது, கரையோரத்துல அலை எழும்ப அதுக்கு எடம் ஏது? எங்களுக்கு இஞ்சின் இருக்கு, பாய் இருக்கு. ஒங்களுக்கு ரெண்டு கை." பாரைய குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாரு. கிழங்கான மட்டும் பேரனுக்குன்னு எடுத்துக்கிட்டாரு.

14 ஜூலை

ஜூன் 8 காலைல நான் எழுதுனது தப்பு. ஆனி ஆடிக்கு வடகடல்னு கண்ணமூடிக்கிட்டு எழுதிட்டேன். அத அழிக்கல, மேலயே இருக்கட்டும், ஆனா அத நம்பி யாரும் போகாதீங்க.

தொண்டி, தேவிபட்டினம் கரைக்கெல்லாம் நிலம் மேற்க, கடல் கெழக்க. மேற்கு, தென்மேற்கு காத்து நம்மள வெளிய தள்ளுற காத்து. மண்டபம் வடக்குக் கரைக்கும் அதே கதைதான். இதே கணக்க திருப்பிப் போட்டுப் பாருங்க, கீழக்கரை ஏர்வாடி பக்கம் கடல் தெக்க இருக்கு, அங்க ஐப்பசி கார்த்திகைல வாடை வீசும்போது தென்கடல் அமைதியா தெரியும், அதுவும் வெளிய தள்ளுற காத்துதான். ஆக நான் சொன்ன ரெண்டு பாதியுமே கயாக்குக்கு ஆபத்து. அந்தக் கணக்கு இஞ்சின் வச்ச படகுக்கு எழுதுன கணக்கு.

20 ஜூலை

தம்பி கேக்குறாரு, அப்ப வருசம் பூரா போகவே முடியாதா அண்ணேன்னு. போகலாம். இப்ப நான் பாக்குறது மாசத்த இல்ல, அன்னைக்குக் காத்து எங்கிட்டு இருந்து எங்கிட்டு, எத்தன கிலோமீட்டர் வேகம், பத்து மணிக்கு எப்படி மாறும். ஹைதராபாத்ல இருக்க கடல் தகவல் மையம் இன்காய்ஸோட கடல் நிலை அறிவிப்பு, வானிலை மையத்தோட மீனவர் எச்சரிக்கை, ரெண்டயும் முந்தின ராத்திரி பாக்குறேன். பாம்பன்ல புயல் கூண்டு ஏத்தியிருந்தா பேச்சே இல்ல, தூங்கிரலாம்.

கரைல இருந்து வீசுற காத்து மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேலன்னா 300 மீட்டர் தாண்ட மாட்டேன். 20க்கு மேலன்னா எறங்கவே மாட்டேன். கடல்ல இருந்து கரைக்கு வீசுறதுன்னா கொஞ்சம் தாராளம், அலைதான் தொந்தரவு, ஓஞ்சு போனாலும் அது நம்மளக் கரைலதான் கொண்டுவந்து போடும். சும்மா கெடந்த தண்ணில நான் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போவேன், அன்னைக்கு எதிர்க்காத்துல 1 தான் தேறுச்சு.

தை கடைசில இருந்து பங்குனி வரைக்கும்தான் நமக்குப் பொற்காலம். விடியக்காலைல லேசான கரைக்காத்து, பத்து பதினொன்னுக்கு மேல கடல்காத்து திரும்பி நம்மள வீட்டுக்குத் தள்ளும். அதுக்கு அடுத்த நல்ல காலம் புரட்டாசி.

மோட்டார் மாட்டலாமேன்னு ஒருத்தர். மாட்டலாம், ஆனா பேட்டரி தீந்தா மறுபடி ரெண்டு கைதான், அதுவும் இருபது கிலோ கூட சேந்து.

23 ஜூலை

நாளைக்கு ஆடி அமாவாசை. தேவிபட்டினம் நவபாஷாணம், சேதுக்கரை, ராமேஸ்வரம் எங்கயும் கயாக்கோட போயிராதீங்க, திதி குடுக்க வர்ற கூட்டம், காரே நிக்க எடம் இருக்காது.

17 ஆகஸ்ட்

இந்த மாசம் பூரா எறங்கல. கரையோர ஆளுகளோட பேசிக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சுக்கிட்டதுல ரெண்டு.

ஒன்னு, நங்கூரம். வடகடல் அடில கடல்புல்லு, தாழைம்பாங்க. ஆவுளியா, அதான் கடல்பசு, அதத் தின்னுதான் உசுரு வாழுது. அதுக்காகத்தான் 2022ல தஞ்சாவூர் புதுக்கோட்டை கரைல 448 சதுர கிலோமீட்டர கடல்பசு காப்பகம்னு அறிவிச்சாங்க. கொக்கி நங்கூரத்தப் போட்டு இழுத்தா கொத்தோட புடுங்கிட்டு வருது, நான் பண்ணியிருக்கேன், இப்ப நெனச்சா சங்கடமா இருக்கு. அதனால நங்கூரத்த ஆபத்துக்குன்னு வச்சுக்கிட்டு, மீன் பிடிக்கும்போது மெதந்துக்கிட்டேதான் பிடிக்கிறேன். மெதக்குற வேகத்தக் குறைக்க அரிசிச் சாக்குல வாய்க்கு ஒரு வளையம் கட்டி, அடில கையளவு ஓட்ட போட்டு தண்ணிக்குள்ள விட்டா கயாக்கப் புடிச்சு வைக்கிது. கயித்த முன்னாடியோ பின்னாடியோ கட்டுங்க, பக்கவாட்டுல கட்டுனா கவுத்துரும்.

ரெண்டு, தீவு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல 21 தீவு, 1986ல இருந்து தேசியப் பூங்கா. கயாக்ல போயி எறங்கி போட்டோ எடுக்கணும்னு ஆசப்படாதீங்க, அனுமதி கெடையாது. தேவையும் கெடையாது. பாம்பன் பாலத்துக்கு அடிலயும் வேண்டாம், ரெண்டு கடல் தண்ணியும் அந்தச் சந்துக்குள்ளதான் ஓடுது, அந்த இழுப்ப துடுப்பு தாங்காது.

14 செப்டம்பர்

போயிட்டு வந்தேன். இந்தத் தடவ மச்சானும் இன்னொரு கயாக்ல. மரைன் போலீஸ் ஸ்டேசன்ல பேரு, கயாக் கலரு, திரும்புற நேரம் சொல்லி எழுதிக்குடுத்தோம், ஆதார் நகல் ஜிப் கவர்ல. வீட்ல ஒரு தாள் ஒட்டியிருக்கேன், எங்க எறங்குறோம், யாரு கூட, பதினொரு மணிக்கு போன் வரலன்னா யாருக்கு அடிக்கணும்னு. ஜூலைக்கு அப்புறம் வீட்டுக்காரம்மா போட்ட ஒரே கண்டிசன் அதான், தாள் இல்லாம சாவி வராது.

வழியையும் மாத்திட்டோம். தென்மேற்கு லேசா இருந்துச்சு, அதனால கரைய ஒட்டி 200 மீட்டர்லயே மொதல்ல தெக்க ஒரு கிலோமீட்டர் எதிர்க்காத்துல போயிட்டு, அங்க இருந்து மெதந்துக்கிட்டே வடக்க, வெளிய ஒதுங்க ஒதுங்க கரைப்பக்கம் நாலு இழுப்பு இழுத்துக்கிட்டு, எறங்குன எடத்துக்கே வந்து சேந்தோம். கஷ்டமான பாதி தெம்பா இருக்கும்போதே முடிஞ்சுருது. கிழங்கான் முப்பது, ஊடகம் கொஞ்சம், மச்சானுக்கு ஒரு ஊளி.

எனக்கு ஒரு கெளுத்தி. கொக்கியக் கழட்டும்போது முள்ளு உள்ளங்கைல ஏறிருச்சு, கை தோள் வரைக்கும் கடுக்குது. ப்ளாஸ்க்ல டீ போட கொண்டுபோன சுடுதண்ணிய கை பொறுக்குற சூட்டுக்குக் கலந்து முக்கி வச்சேன், அரை மணி நேரத்துல கடுப்பு அடங்குச்சு. அந்த முள்ளு விசம் சூட்டுக்குத்தான் அடங்கும். அப்புறம் ராமநாதபுரத்துல டாக்டர்ட்ட காமிச்சு ஊசி போட்டுட்டுத்தான் வந்தேன். கெளுத்தி, ஓரா, திருக்கை மூணுக்கும் கொறடு இல்லாம கை வைக்காதீங்க, தூண்டில் நரம்ப வெட்டி மீன விட்டாலும் தப்பில்ல.

கிழங்கான் அன்னைக்கு ராத்திரியே மஞ்சள், மொளகாப்பொடி, உப்பு மட்டும் போட்டு வறுத்தது. கரிமேட்டு மார்க்கெட்ல நான் இருபது வருசமா மீன் வாங்குறேன், அம்மா ஒரு வாய் வச்சுட்டு "இது வேறடா"ன்னாங்க. அம்புட்டுதான் சொன்னாங்க, எனக்கு ரெண்டு நாளைக்கு அது போதும்.

1 அக்டோபர்

ஆயுதபூஜை. வாழப்பழத்துக்கு மக சந்தனம் வச்சு பொட்டு வச்சிருக்கா, துடுப்புக்கும் சேத்து. ஜூலைல என்னைய இழுத்து விட்ட வல்லத்துப் பெரியவர் கிட்ட நம்பர் வாங்கி வச்சிருந்தேன், சாயங்காலம் பேசுனேன். ஞாயித்துக்கிழமைக்கு காத்து ஒடஞ்சு, பலமில்லாமத்தான் இருக்கும், வாடை இன்னும் எறங்கல, ஏழு மணிக்குள்ள எறங்கி பத்துக்கு ஏறிருங்கன்னாரு. பேரன் கயாக்ல ஏறணும்னு அழுகுறானாம், முழங்கால் தண்ணில ஒரு சுத்து விடணும், அவன் அளவுக்கு ஒரு சின்ன ஜாக்கெட் தேடிக்கிட்டு இருக்கேன்.

திருமங்கலம் தம்பி, நீங்களும் வர்றேன்னீங்க. சனிக்கிழமை சாயங்காலம் மொதல்ல மேலூர் கண்மாய்க்கு வாங்க, நாலு தடவ கவுந்து ஏறிக் காட்டுங்க. ஏறிட்டீங்கன்னா ராத்திரி ரெண்டரைக்கு ரிங் ரோட்ல பாப்போம். தொப்பி, முழுக்கை சட்ட, ரெண்டு லிட்டர் தண்ணி, விசில். தூண்டில் எங்கிட்ட இருக்கு.